பன்னிரண்டு குழல்களில் ஒரு கட்டைவிரல்

ஓய்வுபெற்றோர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். "நீங்க துப்பாக்கி டிபார்ட்மென்ட்லா அண்ணாச்சி, எழுதினா சினிமா கணக்கா இருக்கும்" என்றார் செயலாளர். பாவம், ஏமாறப் போகிறார். பத்தொன்பது வருஷம் துப்பாக்கிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஒரு திருடனின் முகத்தைப் பார்த்ததில்லை. நான் சண்டை போட்டதெல்லாம் மழையோடுதான். அதுவும் பம்பாய் மழை. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஜூன் மாதம் வந்து உட்கார்ந்தால் செப்டம்பர் வரை எழுந்திருக்காது.

இப்போது அந்த அறையில் ஈரத்தை உறிஞ்ச மெஷின் ஒன்று வைத்திருக்கிறார்களாம். பித்தானை அழுத்தினால் போதுமாம். நல்ல விஷயம். அந்த மெஷின் செய்கிற வேலையை விஸ்வநாதன் சாரும் நானும் எங்கள் மூக்காலும் கையாலும் செய்துகொண்டிருந்தோம். அதில் கை செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். டிராம்பே உப்பங்கழி ஓரத்தில் எங்கள் கம்பெனிக்கு வரிசையாகக் கிடங்குகள் இருந்தன. சண்டைக்குப் பிறகு காவலைக் கூட்டி, 'ட்வெல்வ் போர்' ரகத் துப்பாக்கிகள் முப்பத்திரண்டு வாங்கினார்கள். அவற்றை வைக்கும் அறைக்கு 'கோத்' என்று பெயர். ராணுவத்துப் பேச்சு அது. தாராவியில் அக்கா வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த என்னைத் துடைக்கிற ஆளாக எடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் துடைத்தேன். அவ்வளவுதான் என் பயிற்சி. கயிற்றில் துணியைக் கோத்துக் குழலுக்குள் இழு, வெளியே எண்ணெய்த் துணியால் நீவு, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவு, எண்ணைப் பார்த்து அதனதன் இடத்தில் நிறுத்து. கனவிலும் துடைத்துக்கொண்டிருப்பேன். தூக்கத்தில் என் கை மேலும் கீழும் போகிறது என்று அக்கா பயந்து ஜெபம் பண்ணியிருக்கிறாள்.

கோத்தின் பொறுப்பாளர் விஸ்வநாதன் சார். பாலக்காட்டுக்காரர், மாட்டுங்காவில் வீடு. ராணுவத் தளவாடக் கிடங்கில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு எங்கள் கம்பெனிக்கு வந்தவர். மெலிந்த உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் பூட்டைத் திறந்தவுடன் உள்ளே போகமாட்டார். வாசலில் நின்று கண்ணை மூடி மூச்சை இழுப்பார். "வடக்கு மூலை நனைஞ்சிருக்கு, சாமுவேல்" என்பார். போய்ப் பார்த்தால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருக்கும். ஒருநாளும் தப்பியதில்லை.

அவர் வந்த முதல் நாளே துப்பாக்கிகளை நிறுத்தும் மரச் சட்டங்களில் ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துணியை எல்லாம் கிழித்தெறியச் சொன்னாராம். பார்வைக்கு அழகாக இருந்தாலும் கம்பளி தண்ணீர் குடிக்கும். தோலுறையும் அப்படித்தான். மழைக்காலத்தில் துப்பாக்கியைத் தோலுறையில் போட்டு வைப்பதும் ஈரப் பாயில் பிள்ளையைப் போடுவதும் ஒன்று என்பார். குழலின் வாயைத் துணியால் அடைக்கவும் கூடாது. வெளியிலிருந்து ஈரம் உள்ளே புகாதுதான், ஆனால் உள்ளே இருப்பது வெளியே வராது. தவிர, அடைத்த துணியை மறந்துவிட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பழைய தேக்கில் சட்டங்கள். அவற்றுக்கு அடியில் இரவும் பகலும் நான்கு பல்புகள் எரியும். வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. பக்கத்துச் சுனாபட்டிக் காளவாயிலிருந்து வாங்கி வந்த சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தகரத் தட்டுகளில் மூலைக்கு ஒன்றாக வைப்போம். கல் பொடிந்து மாவானால் மாற்ற வேண்டும். துப்பாக்கிகளுக்கு நடுவில் சின்னச் சின்னத் துணிப் பைகள் தொங்கும். அவற்றுக்குள் நீலப் பரல்கள். ஈரம் குடிக்கக் குடிக்க அவை வெளிறி ரோஸ் நிறமாகிவிடும். அப்போது இரும்புச் சட்டியில் கொட்டி, பிரைமஸ் அடுப்பில் ரவை வறுப்பதுபோல நிதானமாக வறுப்பேன். ரோஸ் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி நீலமாகும். வெளியே மழை கொட்டும். கழியின் மேல் வெள்ளை ஆவி படிந்து, எதிர்க் கிடங்குகளின் கூரைகள் மட்டும் மிதந்துகொண்டிருக்கும். சட்டியில் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நான் எங்கேயோ போய்விடுவேன். அந்த அறையில் நான் அனுபவித்த சந்தோஷம் வேறெங்கும் கிடைக்கவில்லை. இதை என் மனைவி படித்தால் படிக்கட்டும்.

"இரும்புக்கும் பசி உண்டு கேட்டியோ" என்றார் சார் ஒருநாள், நான் வறுப்பதைப் பார்த்தபடி. "காத்தும் தண்ணியும் சேர்ந்து கெடைச்சா சாப்பிட ஆரம்பிச்சுடும். வேற எதையும் இல்லே, தன்னையே."

சனிக்கிழமை மூன்று மணிக்குச் சோதனை. சார் வரிசையாக நடந்து வருவார். ஒவ்வொரு துப்பாக்கியின் முன்னும் நின்று, எண்ணைப் படித்து, குழலைக் கண்ணால் அளந்துவிட்டு, கடைசியில் வலது கட்டைவிரலால் குழலை ஒருமுறை மேலிருந்து கீழாக நீவுவார். பிறகு "ம்" என்பார். அதுதான் சர்டிபிகேட். அந்த "ம்" கிடைக்காத துப்பாக்கியை நான் மறுபடி துடைக்க வேண்டும். குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல இருக்கும் அந்த நீவல். அவருக்குக் குழந்தைகள் இல்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் என் உதவிக்குச் செல்லத்துரையைக் கொடுத்தார்கள். தாராவியில் எங்கள் தெருக்காரன்தான். காவல் வேலைக்கு வந்தவன், சறுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டதால் கொஞ்ச நாளைக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. இன்னும் தற்காலிக ஆள். ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டும். அதற்காக ஊரில் ஒரு கல்யாணமும் காத்துக்கொண்டிருந்தது. நிரந்தர வேலைக் கடிதத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பெண் என்று சொல்லிவிட்டார் பெண்ணின் அப்பா. செல்லத்துரை வேலையில் சேர்ந்த புதிதில், மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கட்டும் என்று குழல் வாயைத் துணியால் அடைத்து சாரிடம் மாட்டிக்கொண்டவன். அந்த ஒரு கறுப்புப் புள்ளி அவன் பெயரில் இருந்தது.

முப்பத்திரண்டில் இருபது துப்பாக்கிகள் தினமும் காவலுக்குப் போய்வரும். மீதிப் பன்னிரண்டும் கையிருப்பு. சட்டத்திலேயே நிற்கும். அந்தப் பன்னிரண்டையும் செல்லத்துரையின் பொறுப்பில் விட்டேன். தினமும் கண்ணால் பார்த்தால் போதும், கை வைக்காதே, சனிக்கிழமை துடைத்து எண்ணெய் போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஜூலை பாதியில் ஒரு திங்கட்கிழமை. சார் கதவைத் திறந்து மூச்சை இழுத்தார். உள்ளே வந்து கையிருப்பு வரிசையில் ஒன்றை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். குழலின் மேல் விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு தடம். தேநீர்க் கறை போல மெல்லியது. அடுத்ததை எடுத்தார். அதிலும் இருந்தது. பன்னிரண்டிலும் இருந்தது.

நான் பக்கத்தில் போனேன். சார் குழலை என்னிடம் காட்டவில்லை, தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். நோயாளியின் முன் பேசக் கூடாத பேச்சைப் பேசுகிறவர் போல, "எல்லாத்தையும் எறக்கு" என்று மட்டும் தணிந்த குரலில் சொன்னார்.

நல்ல எண்ணெயில் துணியை நனைத்து நாள் முழுக்கத் தேய்த்தோம். துரு போனது. ஆனால் கறுத்த பூச்சில் சாம்பல் நிறத்தில் தழும்பு நின்றது. அடுத்த திங்கட்கிழமை பழைய தழும்பின் மேலேயே மறுபடி பழுப்பு. செய்தி காவல் பிரிவின் பெரிய ஆபீசருக்குப் போனது. அவர் மழைக்கோட்டோடு வந்து நின்று, தரையெல்லாம் தண்ணீர் சொட்ட, தரையில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று எங்களுக்கு உபதேசம் செய்தார். கையிருப்பு யார் பொறுப்பு என்று கேட்டார். செல்லத்துரை ஒரு அடி முன்னால் வந்தான். ஈரத் துணியால் துடைத்திருப்பாய், பழைய ரிக்கார்டும் சரியில்லை, வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரிய வேண்டும், இல்லையென்றால் உன் பெயரை அடித்துவிடுவேன் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்லத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நான் ஈரத் துணியத் தொடவே இல்ல. கர்த்தர் அறிய சொல்லுதேன். நீங்க கண்ணால பாருன்னிய, கண்ணாலதான் பாத்தேன்."

"தெரியும்லே."

"தெரியும்னா சார்ட்ட சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா கேப்பாவ. எனக்கு வேல போனா அந்தப் பிள்ளையும் போச்சு."

சொல்கிறேன் என்றேன். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சாரும் செல்லத்துரையும் சாப்பிடப் போன நேரத்தில் பன்னிரண்டையும் சட்டத்தில் நிறுத்திவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். மேஜையில் கிடத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. பன்னிரண்டு தழும்புகளும் ஒரே உயரத்தில், நூல் பிடித்ததுபோல் வரிசையாக நின்றன. ஒரு மனிதன் நடந்துகொண்டே கையை நீட்டினால் எட்டுகிற உயரம். மேலே அகலமாக ஆரம்பித்துக் கீழே வரவர மெலிந்திருந்தது ஒவ்வொன்றும். நான் என் கட்டைவிரலைத் தழும்பின் மேல் படாமல் வைத்துப் பார்த்தேன். சரியாக அந்த அகலம்.

யாருடைய விரல் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டையும் துணியில்லாமல் வெறும் விரலால் தொடுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். காவலுக்குப் போகிற இருபதையும் அவர் நீவுவார். ஆனால் அவை வந்து போகும்போதெல்லாம் துடைக்கப்படும்.

சிலருடைய வியர்வையில் உப்பும் புளிப்பும் அதிகம், அது இரும்பைக் கடிக்கும் என்று எங்கள் ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆளை அளவுக் கருவிகளைத் தொடவிட மாட்டார்கள். சரி, அப்படியானால் முந்தின இரண்டு மழைக்காலமும் ஏன் துரு வரவில்லை? இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. பதில் நான்தான்.

பழைய முறை இதுதான்: சனிக்கிழமை உலரத் துடைப்பது, சார் சோதனை, அதன் பிறகு கடைசிப் பூச்சாக எண்ணெய், பூட்டு. அந்த வருஷம் ஜூன் கடைசியிலிருந்து நான் வரிசையை மாற்றியிருந்தேன். சோதனைக்கு முன்பே எண்ணெய் போட்டுவிடுவேன். துப்பாக்கிகள் பளபளவென்று நிற்கும், சாரின் "ம்" சீக்கிரம் கிடைக்கும், சோதனை முடிந்ததும் பூட்டிவிட்டு நான்கு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். தாராவியில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு சனிக்கிழமை ஐந்தரைக்குப் பயிற்சி. எனக்குக் குரல் கிடையாது. அங்கே ரூபி பாடுவாள். பின்னால் நின்று வாயை அசைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பேன். அவளைப் பார்க்க நான் ஓடிய ஓட்டத்தில், சாரின் விரல் எண்ணெயை வழித்த இடத்தில் மறுபூச்சு இல்லாமல் போயிற்று. உப்பு பட்ட இரும்பு இரண்டு நாள் துடைக்க ஆளில்லாமல் நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இங்கே பாவம் இரண்டு இடத்தில் இருந்தது, பழி மூன்றாவது ஆளின் தலையில்.

என் தப்பைச் சொல்வது கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம் மற்றது. உங்கள் கை பட்டதால் கெட்டது என்று அவரிடம் நான் சொல்ல வேண்டும். தொட்டால் கெட்டுவிடும் என்ற வார்த்தை எங்கள் ஊரில் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்கு வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அப்பா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்களை பம்பாய்க்கு அனுப்பினார். அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கொண்டு ஒரு மாட்டுங்கா ஐயரிடம் போவதா? ஒரு நிமிஷம், பொய் சொல்வானேன், உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது. உடனே வெட்கமாகிவிட்டது. இந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

ஒர்க்ஷாப்பில் ஒரு இரும்புத் தகடு வாங்கி மூன்று துண்டாக்கி, எமரித் தாளால் கண்ணாடிபோலத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தேன். புதன்கிழமை மாலை அவர் மேஜை முன் போய் நின்றேன்.

"சார், இதுல உங்க கட்டைவிரல வைக்கணும். நானும் வைக்கேன். செல்லத்துரையும் வைப்பான்."

"எதுக்குடா?"

சொன்னேன். எண்ணெய் வரிசையை மாற்றியதை முதலில் சொன்னேன், பிறகு தழும்புகளின் உயரத்தைச் சொன்னேன். கடைசி வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் முடிக்க விடவில்லை. என்னைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றி வியர்வையில் ஒருமுறை விரலைத் தடவி, தகட்டில் நன்றாக அழுத்தி வைத்தார். நாங்களும் அப்படியே செய்தோம். மூன்று தகடுகளையும் ஒரு தண்ணீர்த் தட்டுக்கு மேல் கம்பியில் நிறுத்தி, ஒரு வாளியைக் கவிழ்த்து மூடினோம்.

மறுநாள் காலை வாளியைத் தூக்கினது அவர்தான். என் தகட்டில் மங்கலாக ஒரு புள்ளி. செல்லத்துரையுடையது வெறுமையாக இருந்தது. நடுத்தகட்டில் ஒரு கட்டைவிரல், ரேகை ரேகையாக, சிவப்புப் பழுப்பில், அச்சடித்ததுபோல் இருந்தது. சுழிகூடத் தெரிந்தது. சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், அது அழகாக இருந்தது. மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்தோம். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது.

"எங்கம்மா தொட்ட ஊசி மறுநாளே துருப்பிடிச்சுடும்" என்றார் சார். "எங்காத்துல அவளைத் தைக்க விடமாட்டா. நான் சின்னப் பையன், கேலி பண்ணுவேன்." தகட்டைக் கவிழ்த்து வைத்தார். "மிலிட்டரி டிப்போல எல்லாத்தையும் கிரீஸ்ல முக்கித்தான் வெச்சிருப்பா. அதான் இத்தனை வருஷம் தெரியவே இல்லே."

"யானைக்கும் அடி சறுக்கும் சார்" என்றேன்.

"யானை சறுக்கினா பரவாயில்லேடா. யார் மேல விழறதுங்கறதுதான் விஷயம்" என்று செல்லத்துரையைப் பார்த்தார். "உன்கிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை. மன்னிச்சுக்கோ."

செல்லத்துரை அழுதுவிட்டான். அவன் பயந்து அழுதானா நிம்மதியில் அழுதானா என்று எனக்குத் தெரியாது.

சார் தன் கைப்பட ரிப்போர்ட் எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துச் சொன்னார். துருவுக்குக் காரணம் பொறுப்பாளரின் கை வியர்வை. சோதனைக்குப் பின் எண்ணெய் போடும் முறை தவறியதைப் பொறுப்பாளர் கவனிக்கவில்லை. உதவியாளர் செல்லத்துரை மேல் குற்றம் இல்லை. என் பெயர் அதில் எங்கும் வரவில்லை. "சார், நான்தான்லா மாத்தினேன்" என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு எழுதுவது அதற்காகவும்தான்.

ரிப்போர்ட்டின் கடைசி வரியை அவர் படித்துக் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. இரும்பைக் கெடுக்கிற கையிடம் கோத்தின் சாவி இருக்கக் கூடாது, தன்னை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். பெரிய ஆபீசர் உடனே சம்மதித்துவிட்டார். சாரை ஹெட் ஆபீசில் காகிதமும் பென்சிலும் வைக்கும் ஸ்டோருக்குப் போட்டார்கள். கோத் என்னிடம் வந்தது. நாற்காலிக்காகத்தான் சாமுவேல் ஐயரைக் கவிழ்த்தான் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செல்லத்துரை ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரமானான், கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயிலேறினான்.

சார் கோத்தை ஒப்படைத்த நாள் மழை விட்டு வெயில் அடித்தது. முப்பத்திரண்டையும் எண் சொல்லிச் சரிபார்த்தோம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். "ம்" சொல்லவில்லை. கடைசித் துப்பாக்கிக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு தடவ தொடுங்க சார். எல்லாத்தையும் தொடுங்க. நான் பின்னாலயே துடைச்சுக்கிட்டு வாரேன்."

"வேண்டாம் சாமுவேல். இரும்புக்கென்ன தெரியும், ஆசையாத் தொட்டவன் யாரு, ஆகாமத் தொட்டவன் யாருன்னு."

வாசலுக்கு வந்தோம். மூன்று வருஷம் அவரோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவர் சாவியை மேஜை மேல் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். நான் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வளர்ந்த விதம். அன்றும் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வைக்க இடம் தேடுகிறவர்போல நின்றார். மேஜை உள்ளே இருந்தது. பிறகு சாவியை என் உள்ளங்கையில் வைத்து, அப்படியே என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் கைகள் இரண்டும் வியர்வையில் நனைந்திருந்தன.

"நீ துருப்பிடிக்க மாட்டியேடா?" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அன்று கோத்தில் நான் துடைக்காமல் விட்டது என் கையை மட்டும்தான்.